லைவ் டூல் லேத் வாங்கும் முன் டிராயிங் கட்டைப் பிரியுங்கள்

கேள்வி: கோவை சின்னவேடம்பட்டியில் வாடகைக் கட்டடத்தில் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். சாதா சிஎன்சி லேத் இரண்டு, பழைய விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்) ஒன்று. பம்பு ஷாஃப்ட், வால்வு பாகம், நூற்பாலை மெஷினுக்கான ரோலர், ஃபிளேஞ்ச் எல்லாம் கலந்து வரும். லாட் (ஒரு தடவைக்கு வரும் எண்ணிக்கை) பெரும்பாலும் 50க்கும் 300க்கும் நடுவில். இடம் குறைவு. லைவ் டூலிங் (லேத்திலேயே டிரில், மில்லிங் கட்டரைச் சுழற்றும் வசதி) உள்ள சின்ன லேத் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். ஒய் அச்சு (டூல் மையத்திலிருந்து பக்கவாட்டில் விலகி நகர்வது) வேண்டுமா, சப் ஸ்பிண்டில் (ஜாப்பின் மறுமுனையைப் பிடிக்கும் இரண்டாவது ஸ்பிண்டில்) வேண்டுமா, எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்:

தம்பி, பிராண்டு பெயர், கேட்லாக் எல்லாம் அப்புறம். முதலில் கடந்த ஆறு மாதத்தில் உங்கள் பட்டறைக்கு வந்த டிராயிங் எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் போட்டு மூன்று கட்டாகப் பிரியுங்கள். கடைசலோடு முடிந்துவிடுபவை ஒரு கட்டு. முகத்தில் பிசிடி ஓட்டை (ஒரே வட்டத்தின் மேல் அமையும் ஓட்டைகள்), பக்கவாட்டில் மையம் நோக்கிப் போகும் ஓட்டை, ஃபிளாட், அறுகோணம், கீ வே (கீ என்னும் கட்டை உட்காரும் பள்ளம்) உள்ளவை இரண்டாவது கட்டு. மையத்திலிருந்து தள்ளி நிற்கும் ஓட்டை, மையம் விலகிய பாக்கெட், இரண்டு பக்கமும் அகல டாலரன்ஸ் (அனுமதித்த அளவு விலகல்) இறுக்கமாக உள்ள ஸ்லாட் மூன்றாவது கட்டு. எந்த மெஷின் என்பதை இரண்டாவது கட்டின் தடிமன் சொல்லும். ஒய் அச்சு வேண்டுமா என்பதை மூன்றாவது கட்டு சொல்லும். முதல் கட்டுதான் மலைபோல இருக்கிறது என்றால் லைவ் டூலே வேண்டாம். அதே பணத்தில் இன்னொரு சாதா லேத் போட்டு மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லைவ் டூல் போட்டால் உற்பத்தி கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த மெஷின் மிச்சப்படுத்துவது செட்டிங்கையும், மறுபடி மாட்டிக் கழற்றும் நேரத்தையும். வெட்டும் நேரத்தை அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு எம்8 மரை ஓட்டை உள்ள ஃபிளேஞ்ச் ஒன்று. கடைசலுக்கு 4 நிமிடம். விஎம்சியில் ஓட்டை போட்டு மரை எடுக்க, மாட்டிக் கழற்றுவதையும் சேர்த்து இன்னொரு 4 நிமிடம். விஎம்சியில் ஃபிக்ஸ்சர் கட்டி மையம் பிடிக்க ஒன்றரை மணி நேரம். இதையே லைவ் டூல் லேத்தில் போட்டால் ஒரே பிடிப்பில் ஆறரை நிமிடம், கூடுதல் செட்டிங் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாட் 60 என்றால் பழைய வழியில் இரண்டு மெஷினும் சேர்ந்து 570 நிமிடம் பிடிக்கும், லைவ் டூலில் 420 நிமிடம். நடுவில் ஜாப்பைத் தூக்கிக்கொண்டு போகும் வேலையும், மறுபடி பிடிக்கும்போது பிசிடி வட்டம் நடுவில் கடைந்த ஓட்டையின் மையத்திலிருந்து விலகும் தொல்லையும் மிச்சம். லாட் 2000 என்றால் கதையே வேறு. ஆறு ஓட்டையையும் ஒரே இறக்கத்தில் போடும் மல்டி ஸ்பிண்டில் டிரில்லிங் எஸ்பிஎம் (ஒரே வேலைக்கென்று செய்த மெஷின்) அருகில் இருந்தால், லேத்தில் 4 நிமிடத்தில் முடிந்த உருப்படி ஒரு நிமிடத்தில் அங்கே முடிந்துவிடும். அதை லைவ் டூலில் செய்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டரை நிமிடம் அதிகமாக, மொத்தம் 83 மணி நேரம், உங்களிடம் உள்ள விலையுயர்ந்த மெஷின் வெறும் டிரில்லிங் மெஷினாக நிற்கும்.

உங்கள் லாட் 50 முதல் 300 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவுக்கு லைவ் டூல் பொருந்தும். நாளைக்கு ஏதாவது பம்பு கம்பெனி மாதம் 5000 உருப்படி தருகிறேன் என்று வந்தால் அதை இந்த மெஷினில் ஏற்றிவிடாதீர்கள்.

சரி, இனி மெஷினுக்குள் போவோம்.

முதலில் பார்க்க வேண்டியது சி அச்சும் (ஸ்பிண்டிலை வேண்டிய கோணத்துக்குத் திருப்பும் அச்சு) அதன் பிரேக்கும். விற்க வருகிறவர்கள் ஸ்பிண்டில் பவர், ரேப்பிட் வேகம் (வெட்டாமல் நகரும் வேகம்) இரண்டையும் முதலில் சொல்வார்கள். பிரேக்கை நாம்தான் கேட்க வேண்டும். சில மலிவு மாடல்களில் லைவ் டூல் என்று போட்டிருந்தாலும் ஸ்பிண்டில் குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் திரும்பி நிற்கும். தொடர்ச்சியாக ஓடும் சி அச்சு இருக்காது. நான்கு ஓட்டை, ஆறு ஓட்டை மட்டும் போட்டால் போதும் என்கிறவர்களுக்கு அது சரி. அறுகோணம், கேம், வளைந்த ஸ்லாட் வேண்டுமென்றால் 0.001 டிகிரிக்கு நகரும் முழு சி அச்சு தேவை. அது இருந்தாலும், ஓட்டை போடும்போது ஸ்பிண்டிலை இறுக்கிப் பிடிக்கிற ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பிரேக் இல்லாவிட்டால் மோட்டாரின் பிடி மட்டும்தான். மையத்திலிருந்து தள்ளி 100 மி.மீ. பிசிடியில் 14 மி.மீ. டிரில் இறங்கும்போது ஸ்பிண்டில் மெல்ல அசையும். ஓட்டை முட்டை வடிவமாகும், டிரில் நுனி உடையும். நல்ல மெஷினில் இரண்டு நிலைப் பிரேக் இருக்கும். டிரில்லுக்கு முழு இறுக்கம், மில்லிங்கில் சி ஓடும்போது அசைவை அடக்குகிற லேசான இறுக்கம்.

அடுத்தது டர்ரெட், அதாவது டூல்களைத் தாங்கித் திரும்பும் தலை. அதில் டூல் ஹோல்டரை மாட்ட விடிஐ, பிஎம்டி என்று இரண்டு முறை உண்டு. இரண்டில் எது? விடிஐ ஹோல்டரை ஒரே ஸ்குருவைத் தளர்த்திக் கழற்றிவிடலாம், பல கம்பெனி ஹோல்டர்களும் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் டயல் வைத்து நேராக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பிஎம்டி ஹோல்டர் நான்கு போல்ட்டில் டர்ரெட் விளிம்போடு ஒட்டி உட்காரும், உள்ளே சாவி போலக் கட்டை இருக்கும். மாற்ற நேரம் பிடிக்கும், ஆனால் உறுதி அதிகம், மாட்டினால் அதே இடத்தில் நிற்கும். எஸ்எஸ்410 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷாஃப்ட்டில் கீ வே வெட்டும் பட்டறைக்கு நான் பிஎம்டிதான் சொல்வேன். சின்ன மெஷினில் பிஎம்டி45, கொஞ்சம் பெரியதில் பிஎம்டி55 வரும். எதுவானாலும் அந்த ஹோல்டர் அந்த மெஷின் கம்பெனியிடம் மட்டும்தான் கிடைக்குமா, வெளியிலும் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். விடிஐ என்றால் ஹோல்டருக்குச் சுழற்சி தரும் கப்ளிங் டின் 5480 ஸ்ப்ளைனா, டின் 1809 நாக்கா என்றும் கேட்டுவிடுங்கள். இது தெரியாமல் ஹோல்டர் ஆர்டர் போட்டு, வந்த பெட்டியைத் திருப்பி அனுப்பிய பட்டறைகள் நம் ஊரிலேயே உண்டு.

டிரில்லைக் கவ்விப் பிடிக்கும் கொலெட்டின் அளவு எளிது. ஈஆர்20இல் 13 மி.மீ. வரை, ஈஆர்25இல் 16 மி.மீ. வரை, ஈஆர்32இல் 20 மி.மீ. வரை பிடிக்கலாம். உங்கள் வேலைக்கு ஈஆர்25 நடுத்தரம்.

லைவ் டூல் மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த கிலோவாட் எந்த ஆர்பிஎம்மில் என்று கேளுங்கள். டார்க் கணக்கு: 9550ஐ கிலோவாட்டால் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுத்தால் நியூட்டன் மீட்டர். 1.1 கிலோவாட் மோட்டாரின் முழு பவர் 4000 ஆர்பிஎம்மில் வருகிறது என்றால் கையில் கிடைப்பது 2.6 நியூட்டன் மீட்டர்தான். நடுத்தர ஸ்டீலில் எம்10 மரை எடுக்க, புது டேப்புக்கே 6 நியூட்டன் மீட்டர் அளவில் வேண்டும், தேய்ந்த டேப்புக்கு அது இரட்டிப்பாகலாம். டேப் பாதியில் நின்றால் டேப்பும் போச்சு, ஜாப்பும் போச்சு. அதனால் டார்க் வளைகோட்டுப் படத்தைக் கேட்டு வாங்கி, 300 முதல் 1000 ஆர்பிஎம் பகுதியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். மேல் வேகத்துக்கும் கணக்கு உண்டு. கார்பைடு டிரில்லை நிமிடத்துக்கு 80 மீட்டர் வெட்டு வேகத்தில் ஓட்டினால் 6.8 மி.மீ. டிரில்லுக்கு 3700 ஆர்பிஎம் சுமார் போதும், 3 மி.மீ. டிரில்லுக்கு 8500 வேண்டும். சின்ன ஓட்டை அதிகமுள்ள வால்வு வேலை பிடித்தால் 4000 ஆர்பிஎம் மெஷினில் டிரில் மெதுவாகத்தான் இறங்கும். 6000 ஆர்பிஎம் ஹோல்டர் இருந்தால் ஓரளவு தேவலை.

சின்ன மெஷின் வாங்குகிறவர்கள் பலர் விட்டுவிடுகிற விஷயம், டூல் ஜாப்பை நோக்கி நகரும் எக்ஸ் அச்சின் இடைவெளி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பக்கவாட்டு ஓட்டை போடும் ரேடியல் ஹோல்டர் டர்ரெட் விளிம்பிலிருந்து கொலெட் நட்டு வரை 80 மி.மீ. உயரம் என்று வையுங்கள். நட்டுக்கு வெளியே டிரில் 50 மி.மீ. நீட்டி நிற்கிறது. ஜாப் 120 மி.மீ. விட்டம், ஆரம் 60. டிரில் நுனிக்கும் ஜாப்புக்கும் 5 மி.மீ. இடைவெளி விட்டால், ஸ்பிண்டில் மையத்திலிருந்து டர்ரெட் விளிம்பு 195 மி.மீ. விலகி நிற்க இடம் வேண்டும். கேட்லாக்கில் அதிகபட்சக் கடைசல் விட்டம் 200 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். அது சாதா டூலுக்குச் சொன்னது. லைவ் ஹோல்டர் மாட்டிய பிறகு அதே மெஷினில் 120 மி.மீ. ஜாப்பின் பக்கத்தில் ஓட்டை போட முடியாமல் போகலாம். அத்தோடு, 12 ஸ்டேஷன் டர்ரெட்டில் ஒரு டூல் வேலை செய்யும்போது பக்கத்து ஸ்டேஷனில் நீட்டிக்கொண்டிருக்கும் டிரில் சக்கின் ஜாவில் மோதுமா என்பதும் உண்டு. இதற்கென்று ஒவ்வொரு மெஷினுக்கும் இன்டர்ஃபியரன்ஸ் டிராயிங் இருக்கும். அதை வாங்கி, உங்கள் இரண்டாவது கட்டில் உள்ள பெரிய ஜாப்பை அதன்மேல் பென்சிலால் வரைந்து பாருங்கள். அந்த டிராயிங்கைத் தரத் தயங்குகிறவரிடம் மெஷின் வாங்க வேண்டாம்.

இப்போது ஒய் அச்சு. கீ வே வெட்ட ஒய் கட்டாயம் என்று சொல்லி விற்பார்கள். பாதி உண்மை. 25 மி.மீ. ஷாஃப்ட்டில் 8 மி.மீ. கீ வே, ஆழம் 4 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். டாலரன்ஸ் பி9 என்றால் அகலம் 7.949க்கும் 7.985க்கும் நடுவில் வர வேண்டும். ஒய் இல்லாவிட்டால் எண்ட் மில்லின் விட்டம்தான் கீ வேயின் அகலம். 8 மி.மீ. எண்ட் மில் கொஞ்சம் அசைந்து வெட்டினாலே அளவு தாண்டிவிடும், ஆகவே அதற்கென்று 7.95 சுமாருக்குக் கிரைண்ட் செய்த கட்டரை வைத்து ஓட்டுவார்கள். அகலம் கொஞ்சம் குறைந்தால் சி அச்சை இரண்டு பக்கமும் துளி திருப்பி விரிக்கலாம். மேலே பக்கத்துக்கு 0.01 விரித்தால் அடியில் ஏறக்குறைய 0.007 விரியும். அந்த வித்தியாசம் டாலரன்ஸுக்குள் அடங்கிவிடும். ஆனால் 7 மி.மீ. கட்டரை வைத்து சி அச்சைத் திருப்பியே 8 மி.மீ. எடுக்கலாம் என்று நினைத்தால் சுவர் இரண்டு டிகிரிக்கு மேல் சாயும். மேலே 8 இருக்கும், அடியில் பக்கத்துக்கு 0.16 மி.மீ. குறைந்து நிற்கும், கீ உள்ளே இறங்காது. ஒய் இருந்தால் 6 மி.மீ. கட்டரில் நடுவே வெட்டிவிட்டு இரண்டு சுவரையும் தனித்தனியாக ஃபினிஷ் செய்யலாம், கட்டர் தேய்ந்தால் ஆஃப்செட்டில் சரி செய்துகொள்ளலாம்.

அதனால் நான் சொல்வது இது: மாதத்தில் ஓரிரு லாட் கீ வே வருகிறது, மூன்றாவது கட்டில் மூன்று நான்கு டிராயிங்தான் இருக்கிறது என்றால் ஒய் வேண்டாம். அந்தச் சில ஜாப் மட்டும் விஎம்சிக்குப் போகட்டும். கீ வே தினசரி வேலை என்றாலோ, திருச்செங்கோடு பக்கத்து போர்வெல் ரிக் பாகம் போல மையம் விலகிய ஓட்டை அடிக்கடி வந்தாலோ ஒய் எடுங்கள். எடுத்தால் அது நேரடி ஒய்யா, எக்ஸ் அச்சும் சாய்வான இன்னொரு ஸ்லைடும் சேர்ந்து நகர்ந்து உண்டாக்குகிற ஒய்யா என்று பாருங்கள். இரண்டும் வேலை செய்யும். இரண்டாவதில் ஃபிளாட்டின் மேல் லேசான படிக்கட்டுக் கோடு விழுகிறதா என்று உங்கள் ஜாப்பில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சப் ஸ்பிண்டில் இப்போதைக்கு வேண்டாம். பார் ஃபீடர் (கம்பியைத் தானே உள்ளே தள்ளும் கருவி) போட்டு ஆளில்லாமல் ஓட்டுகிற அளவுக்கு உங்கள் லாட் இல்லை.

ஸ்பிண்டில் மூக்கு (சக் மாட்டும் முகப்பு) ஏ2-5 என்றால் உள்ளே போகும் பாரின் விட்டம் சுமார் 40 மி.மீ.யில் நின்றுவிடும், ஏ2-6 என்றால் பொதுவாக 51 மி.மீ. வரை போகும். ரோலர் வேலையும் வருகிறது என்கிறீர்கள், ஏ2-6, எட்டு அங்குலச் சக் எடுத்தால் பின்னால் வருந்த வேண்டியிருக்காது. நீளமான ரோலருக்கு டெயில் ஸ்டாக் கட்டாயம், புரோகிராமில் நகரும்படி இருந்தால் நல்லது.

கன்ட்ரோலரில் ஃபானுக்கோ சீமென்ஸோ எது நல்லது என்று விவாதம் வேண்டாம். உங்கள் செட்டருக்கு எது கைவந்ததோ அதை எடுங்கள். நம் பக்கத்தில் ஃபானுக் பழகியவர்கள் எளிதாகக் கிடைப்பார்கள் என்பதும் ஒரு காரணம். ஆனால் ஆப்ஷன் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். முகத்தில் அறுகோணம் வெட்ட போலார் இன்டர்போலேஷன், அதாவது ஜி12.1. சுற்றுப்புறத்தில் ஸ்லாட் வெட்ட சிலிண்ட்ரிகல் இன்டர்போலேஷன், ஜி7.1. லைவ் டூலில் மரை எடுக்க ரிஜிட் டேப்பிங். இந்த மூன்றும் விலையில் சேர்ந்திருக்கிறதா, திறந்து தருவார்களா என்று எழுதி வாங்குங்கள். பாலிகன் டர்னிங் என்று ஒன்றையும் காட்டுவார்கள். ஸ்பிண்டிலும் கட்டரும் சேர்ந்து சுழன்று நொடிகளில் அறுகோணம் போட்டுவிடும். ஸ்பேனர் பிடிக்கிற நட்டுக்கு அது போதும். ஆனால் அந்த முகம் துல்லியமான சமதளம் அல்ல, லேசாக வளைந்திருக்கும். அளவு பார்த்து எடுக்கிற கஸ்டமருக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

டெமோவுக்குப் போகும்போது அவர்கள் வைத்திருக்கிற பித்தளை சாம்பிளைப் பார்த்துவிட்டு வரக் கூடாது. உங்கள் மெட்டீரியல், உங்கள் டிராயிங், முடிந்தால் உங்கள் செட்டரையும் கூட்டிப் போங்கள். இஎன்8 ஸ்டீலில் 100 மி.மீ. பிசிடியில் 14 மி.மீ. ஓட்டை போடச் சொல்லி, பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேளுங்கள். ஸ்பிண்டில் அசைந்தால் டிரில் இறங்கும்போது விட்டுவிட்டுக் கரகரக்கும், நன்றாகப் பிடித்திருந்தால் ஒரே சீராக இருக்கும். 40 மி.மீ. பாரில் ஒரு அறுகோணம் வெட்டச் சொல்லி மூன்று ஜோடி முகத்தையும் மைக்ரோமீட்டரில் பாருங்கள். மூன்றும் ஒரே அளவாக, மையத்துக்குச் சமமாக வந்தால் சி அச்சும் எக்ஸும் ஒழுங்கு. அப்புறம் மெஷினை மூன்று மணி நேரம் ஓடவிட்டு, காலையில் போட்ட அதே விட்டத்தை மறுபடி போட்டு அளவு எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். பால் ஸ்குரு சூடேறி நீள்வது எல்லா மெஷினிலும் உண்டு, எத்தனை மைக்ரான் என்பதுதான் கேள்வி. தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் ஓட்டப்போகிற உங்களுக்கு அது முக்கியம்.

கம்பெனி விஷயம். கோவையிலேயே எல்எம்டபிள்யூ மெஷின் செய்கிறது, பெங்களூரில் ஏஸ் டிசைனர்ஸ், ராஜ்கோட்டில் ஜோதி, மேக்பவர். வெளிநாட்டு மெஷின்களும் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றதைத் தள்ள மாட்டேன். அதே மாடல் ஓடுகிற பட்டறை கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ மலுமிச்சம்பட்டியிலோ எங்கே இருக்கிறது என்று கேட்டு, விற்பனைக்காரர் இல்லாமல் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். முதலாளியைவிட அங்கே ஷிப்ட் பார்க்கிற ஆளிடம் கேளுங்கள்: "ஏனுங்க, டர்ரெட் அலாரம் வந்தா எத்தனை நாள்ல வந்து பார்க்கிறாங்க?" லைவ் டர்ரெட் ஒருமுறை மோதினால் சாதா டர்ரெட் போலச் சட்டென்று சரி செய்ய முடியாது. அலைன்மென்ட் எடுக்கத் தெரிந்த ஆள் கோவையில் இருக்கிறாரா என்பது விலையைவிடப் பெரிய விஷயம்.

பணத்தைப் பற்றி ஒன்றிரண்டு. கொட்டேஷனில் மெஷினோடு எத்தனை லைவ் ஹோல்டர் வருகிறது என்று பாருங்கள். இரண்டு முகத்துக்கு, இரண்டு பக்கத்துக்கு, குறைந்தது நான்கு இல்லாமல் வேலை தொடங்க முடியாது. தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொன்றும் கணிசமான தொகை. ஹோல்டரின் உயிர் அதன் பேரிங்கிலும் சீலிலும் இருக்கிறது. காஸ்ட் அயர்ன் தூள் கலந்த கூலன்ட் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். வால்வு பாடி காஸ்டிங் ஓட்டினால் கூலன்ட் டேங்கில் காந்தமும் ஃபில்டரும் போடுங்கள். மெஷினுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, இன்புட் எடுக்கலாம், ஆனால் எடுத்த வரித்தொகைக்குத் தேய்மானம் காட்ட முடியாது என்பதை ஆடிட்டரிடம் நினைவூட்டுங்கள். இஎம்ஐ மாதாமாதம் வந்து நிற்கும், ஜாப் ஒர்க் பணம் அப்படி வராது. உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். ஆர்டர் எடுக்கும்போதே அதை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகைக் கட்டடம் என்பதால் கரண்டு முதலில். இணைப்பு மின்சுமை போதுமா, கூட்ட வேண்டுமா என்று மெஷின் ஆர்டருக்கு முன்பே மின்வாரியத்தில் கேட்டுவிடுங்கள். மெஷின் வந்து நிற்கும், லோடு வராமல் காத்திருக்க வேண்டிவரும். சிஎன்சிக்குத் தனி எர்த் குழி, சர்வோ ஸ்டெபிலைசர், கன்ட்ரோல் பேனலுக்கு ஏசி, இந்த மூன்றிலும் சிக்கனம் வேண்டாம். காம்பேக்ட் என்று அளவு சொல்லும்போது சிப் கன்வேயர் வெளியே நீட்டுவதையும், பின்கதவு திறக்க வேண்டிய இடத்தையும் சேர்க்கமாட்டார்கள். தரையில் சாக்பீஸில் வரைந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பர்ச்சேஸ் ஆர்டரில் இவ்வளவும் வரட்டும்: முழு சி அச்சு, ஹைட்ராலிக் பிரேக், ஹோல்டர் எண்ணிக்கை பெயர் பெயராக, மூன்று கன்ட்ரோல் ஆப்ஷன், இறக்கிய பின் உங்கள் இரண்டு ஜாப்பை உங்கள் பட்டறையில் ஓட்டிக் காட்டினால்தான் கடைசித் தவணை. ஒரு மாதம் ஓடிய பிறகு மெஷின் லெவலை மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மெஷின் பாரத்தில் தரை அழுந்தும், முதல் மாதத்தில் லெவல் கொஞ்சம் மாறியிருக்கலாம்.